முன் செயின் மூடி

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கடைசிச் சண்டையின்போது, பதினைந்து வயதில் போனது. அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் எங்கள் மோட்டார் சைக்கிளின் கதையைச் சொல்ல வழியில்லை.

அடம்பனில் வயலுக்கும் மாட்டுக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். கலியாணம் பேசி வந்த இடம் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய். மாப்பிள்ளைக்குக் கடற்றொழில். பெண் பார்க்க வந்த அன்று என் காலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு மழையைப் பற்றிக் கதைத்தார்கள். எழும்பிப் போகும் நேரத்தில் அவர்தான் நேரே என்னிடம் கேட்டார்.

"எங்கட ஊர் முழுக்க மணல். உமக்கு நடக்கக் கஷ்டமா இருக்கும். பரவாயில்லையோ?"

"நடந்து பாத்தால்தானே தெரியும்" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஓம் சொன்னேன் என்று பிறகு பலமுறை அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மணல் அவர் சொன்னதைவிட மோசம். செயற்கைக் கால் புதையும்; இழுத்து எடுக்கும்போது மீதிக் கால் அதன் கிண்ணத்துக்குள் உரசும். தார் ரோட்டில் ஒரு நாள் முழுக்க நிற்பேன். மணலில் கோயிலடி மட்டும் போய் வந்தாலே தோல் கழன்றுவிடும். மன்னார் டவுனில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் இடமொன்றில் எனக்கு வேலை. பஸ் பெரிய ரோட்டில்தான். காலையில் கடலால் வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், அவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவார். கடல் அவரைப் பிந்தவைத்த நாள்களில் நான் நடந்தேன்.

அப்படி நடந்த ஒரு நாள் பின்னேரம், நான் கழற்றிப் போட்ட காலுறையை அவர் தோய்க்க எடுத்தார். அதில் இரத்தம் பிடித்துக் காய்ந்திருந்தது. அதைத் தண்ணீர் வாளிக்குள் ஊறப்போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீர் ஓடப் பழகும்" என்றார்.

"எதை?"

"சைக்கிளைத்தான். வேற எதை?"

ஸ்கூட்டி என்றால் கியர் இல்லை, சுகம். ஆனால் அந்த வருடங்களில் நாட்டுக்குள் புது வாகனம் வரவே இல்லை. பழைய ஸ்கூட்டிகூட எங்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. வாங்கினாலும் அதன் சின்னச் சில்லு எங்கள் ஊர் மணலில் புதைந்துதான் நிற்கும். கைவசம் இருந்தது அவருடைய நூறு சீசீ மோட்டார் சைக்கிள். அதற்குக் கியர் இடது காலில்.

கியர் மிதி முன்னுக்கும் பின்னுக்கும் நீண்ட ஒரு தண்டு. முன்பக்கத்தை மிதித்தால் கியர் கூடும். பின்பக்கத்தைக் குதிக்காலால் மிதித்தால் குறையும். முன்பக்கத்தை எப்படியோ சமாளித்தேன். முழங்காலைத் தூக்கி முழுக் காலையும் இறக்கினால் போதும். குதிக்கால்தான் இறங்க மறுத்தது. செயற்கைப் பாதத்துக்குக் கணுக்கால் மடியாது. அந்த ரப்பர்க் குதி, மிதிக்குப் பக்கத்தில் புடைத்துக்கொண்டிருந்த அலுமினிய மூடியில் இடித்து நின்றுவிடும். முன் பல்சில்லையும் அதில் ஓடும் செயினையும் மறைத்திருக்கிற மூடி அது. கியர் பாதியில் தொங்கும், எஞ்சின் அலறும். காலில் உணர்ச்சி இல்லாததால் மிதிபட்டதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

அவர் மணலில் குந்தியிருந்து என் காலையே பார்த்தார்.

"திரும்ப மிதியும்."

மிதித்தேன்.

"இன்னொருக்கா."

"எத்தினை தரம் மிதிக்கிறது? எனக்கு இது சரிவராதப்பா, விடுங்கோ."

"உம்மில பிழையில்லை. இந்த மூடிதான் இடிக்குது" என்று சொல்லி எழும்பினார்.

மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் உப்புக் காற்றில் இறுகிக் கிடந்தன. டீசல் ஊற்றி ஊறவிட்டார். ஸ்பானர் வழுக்கி விரல் மூட்டுகளில் தோலுரிந்தது. கடைசியில் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினார். உள்ளே கிறீஸும் மணலும் சேர்ந்து தார்போல இறுகியிருந்தன. பல்சில்லைச் சுற்றி வலை நூல் ஒன்று சுருண்டு கிடந்தது. "பாரும், இதுக்குள்ளயும் கடல்" என்று அதை உருவி எடுத்துக் காட்டினார்.

மூடி இல்லாமல் மிதி தடையின்றி இறங்கியது. முதல் தடவையாகக் கியர் முழுதாக விழுந்த சத்தத்தைக் கேட்டேன். அந்தச் சந்தோசத்தில் கரையோரத் தரவை வெளியில் வட்டம் வட்டமாக ஓடினேன். அவர் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தார். மூன்றாவதோ நாலாவதோ வட்டத்தில் என் பாவாடைக் கரை செயினுக்குள் போனது. யாரோ கீழே இருந்து பிடித்து இழுத்தது போலிருந்தது. அவர் பாய்ந்து வந்து திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். பாவாடை முழங்கால்வரை கிழிந்து பல்சில்லில் சுற்றியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பொய்க்கால் பக்கம்தானே, போனாலும் இன்னொண்டு தருவினம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. துணியை ஒவ்வொரு பல்லிலிருந்தும் எடுத்துவிட்டு, எஞ்சினைத் தொடாமல் சைக்கிளை வீடுவரை உருட்டிக்கொண்டே போனார். பிறகு நானும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் கடலுக்குப் போகாத நேரமெல்லாம் அந்த மூடியோடுதான் போனது. படகின் அடியில் வெடிப்பு விழுந்தால் பூசுகிற பைபர்ப் பாயும் பசையும் வீட்டில் மிச்சம் இருந்தன. பழைய மூடியை அளவுக்கு வைத்து, புடைப்பு இல்லாமல், தட்டையாக ஒரு மூடியை வார்த்தார். குதிக்கால் இறங்குகிற இடத்தில் உள்பக்கமாக ஒரு பள்ளம் விட்டார். வாள் தகட்டால் ஓரத்தை வெட்டி, அரத்தால் தேய்த்து, படகுக்கு அடித்த நீலத்தையே அதற்கும் அடித்தார். பசை மணம் எங்கள் சோற்றுக்குள்ளும் இருந்தது. கரையில் கூட்டாளிமார் பகிடி பண்ணினார்கள்: "என்ன, சைக்கிளைக் கடலில இறக்கப்போறியோ?"

"ஓம், எஞ்சினும் போட்டிருக்கு. வலைதான் இல்லை" என்றார் அவர்.

தாராபுரத்தில் கராஜ் வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மெக்கானிக்கிடம் போய்ப் பின்மிதியில் அகலமான தகடொன்றை ஒட்டுவித்தோம். நானா நீல மூடியைத் தட்டிப் பார்த்தார். "இது நல்ல வேலை. ஆனால் மூடி பல்லுக்குக் கிட்ட நிக்குது. ஈர மண் போனால் இறுகும், பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். அதனால் வீட்டுக்கு வந்ததும் அவர் எனக்கு அந்த மூடியைக் கழற்றிப் பூட்டவும் காட்டித் தந்தார். போல்ட்டுகளுக்குக் கிறீஸ் பூசிப் பூட்டினார். சின்ன ஸ்பானர் ஒன்று சீட்டுக்குக் கீழே எப்போதும் இருக்கும்.

பிறகு நான் ஓடினேன். வேலைக்கு ஓடினேன், சந்தைக்கு ஓடினேன், அவருடைய தாயான மாமியைப் பின்னால் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து, பாலத்தைக் கடந்து, தனியே அடம்பனுக்கே போனேன். அம்மா வேலிப் படலையடியில் வந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தா.

"எங்க மருமோன்?"

"அவர் நித்திரை. நான்தான் வந்தனான்."

"ஆரோட?"

"நான்தானம்மா. தனிய."

அம்மா என் காலைப் பார்த்தா, சைக்கிளைப் பார்த்தா, பிறகு படலையைப் பிடித்துக்கொண்டு அழுதா. அன்று பின்னேரம் வீடு திரும்பி அவரிடம் அதைச் சொன்னபோது அவருக்கும் கண் கலங்கியது. கண்ணுக்குள் மணல் விழுந்துவிட்டது என்றார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய தம்பிக்கு அந்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. தம்பிக்காரர் பக்கத்து வளவு வீட்டில்தான் இருந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே படகில்தான் போனார்கள்.

வாடைக் காற்று தொடங்கியிருந்தது. எங்கள் பக்கக் கடல் அந்தக் காலத்தில்தான் முரண்டு பிடிக்கும். பின்னேரம் இரண்டு பேரும் வலை பார்த்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். விடிந்தும் வரவில்லை. பக்கத்து ஊரான பேசாலைப் படகொன்று தம்பியைத் தூக்கிக் கொண்டுவந்தது. தம்பி ஒரு வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறார். வாய் கோணி, உடம்பு நீலமாக, பேச்சில்லாமல் கிடந்தார். படகு கவிழ்ந்தது, அண்ணனைக் காணவில்லை என்று மட்டும் பிறகு சொன்னார்.

ஊர்ப் படகுகள் எல்லாம் தேடப் போயின. நேவியும் தேடியது. பெண்கள் வீட்டு முற்றத்தில் இருந்து செபமாலை சொன்னார்கள். என்னையும் பிடித்து இருத்தினார்கள். கொஞ்சநேரம் இருந்தேன். பிறகு எழும்பிச் சைக்கிள் திறப்பை எடுத்தேன்.

"எங்க பிள்ளை போறாய்?" என்று மாமி கத்தினா.

"கரை நீளத்துக்குப் பாத்திட்டு வாறன்."

"நீ போய் என்னடி செய்யப்போறாய்?"

எனக்கும் தெரியாது. வாடை வீசினால் கடல் எதையும் எங்கள் கரைக்குத்தான் தள்ளும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது மட்டும்தான் தெரியும். பேசாலைப் பக்கம் ஓடினேன். கரையில் மீனவர் தங்கும் ஒவ்வொரு வாடியிலும் நிறுத்திக் கேட்டேன். மீனவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்கள். "இல்லைத் தங்கச்சி, இஞ்ச ஒண்டும் வரேல்லை" என்றார்கள். ஒருவர் தேத்தண்ணி தந்தார். இன்னொருவர், "போட்டு மட்டும் அங்கால ஒதுங்கியிருக்கு" என்று கை காட்டினார். படகு குப்புறக் கிடந்தது. அதன் அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலும் ஓடினேன்.

ரோட்டால் போனால் கரை தெரியாது. அதனால் அலை நனைத்து இறுகிய மணலில் ஓட்டினேன். நாள் முழுக்க ஓடினேன், அடுத்த நாளும் ஓடினேன். தலைமன்னாருக்குக் கிட்டப் போகும்போது செயின் நறநறவென்று அரைத்தது. பிறகு சைக்கிள் நின்றே போனது. நானா சொன்னதுபோல ஈர மணல் மூடிக்குள் ஏறி இறுகிவிட்டது. அந்தக் கரையில் ஒரு மனிதர் இல்லை. சீட்டைத் தூக்கி ஸ்பானரை எடுத்து, செயற்கைக் காலை நீட்டிக்கொண்டு ஈரத்தில் இருந்து, மூடியைக் கழற்றினேன். கிறீஸ் பூசியிருந்ததால் போல்ட்டுகள் கையோடு வந்தன. எனக்கு அதில் கோபம் வந்தது. ஏதோ நான் இப்படி ஒரு நாள் இங்கே வந்து இருப்பேன் என்று தெரிந்து பூசிவைத்தது போல இருந்தது. விரலால் மணலைத் தோண்டித் தோண்டி எடுத்தேன். மூடியைத் திரும்பப் பூட்டாமல் பைக்குள் போட்டேன். பாவாடைக் கரையைத் தொடைக்குக் கீழே இறுக்கி வைத்துக்கொண்டு, பல்சில்லு திறந்தபடி சுற்ற, ஓடினேன்.

கொஞ்சத் தூரத்தில் ஐந்தாறு பேர் கூடி நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். "வேண்டாம் அக்கா, கிட்ட வராதேங்கோ, உங்கட வீட்டு ஆம்பிளையள் ஆரையும் கூப்பிடுங்கோ" என்றார். நான் இறங்கி நடந்தேன். முகத்தைப் பார்க்க அவர்கள் விடவில்லை. யாரோ உடுத்திருந்த சாரத்தால் மூடியிருந்தார்கள். சட்டை மட்டும் வெளியே தெரிந்தது. சீருடைத் துணியின் வெட்டு மிச்சத்தில் அவருக்கு நான் தைத்துக்கொடுத்த வெள்ளைச் சட்டை. நான் அடித்த தையல் எனக்குத் தெரியாதா?

"என்ர அவர்தான்" என்றேன். வேறு ஒன்றும் சொன்ன ஞாபகம் இல்லை. திரும்பி எப்படி வந்தேன் என்பதும் ஞாபகம் இல்லை. மோட்டார் சைக்கிளை யாரோ உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் விட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்தது. முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்தது. நான் வேலைக்குப் போகத் தொடங்கினேன். தம்பிக்காரர் கடலுக்குப் போகவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. நான் வேலியடியில் நின்றால் வீட்டுக்குள் போய்விடுவார். தப்பி வந்தவருக்கு இருக்கிற வெட்கம் என்று நினைத்தேன். சண்டைக்குப் பிறகு எனக்கும் அது கொஞ்சக் காலம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை நான் மூடியைத் திரும்பப் பூட்ட முயன்றுகொண்டிருந்தேன். துளைகளுக்குள் மணல் இருந்து, போல்ட்டு கோணலாக ஏறி நின்றுவிட்டது. எவ்வளவு முறுக்கியும் அசையவில்லை. தம்பிக்காரர் வேலியைத் தாண்டி வந்து, பக்கத்தில் குந்தி, என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கினார். போல்ட்டை வெளியே எடுத்துத் துடைத்தார். திரும்பப் பூட்டவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணி, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும்."

"சொல்லும் தம்பி."

"கவிண்ட போட்டைத்தான் ரெண்டு பேரும் பிடிச்சிருந்தனாங்கள். அலை எங்களைப் பிரிச்செடுத்துப் போட்டுது. கான் ஒண்டுதான் கிடைச்சது. அது அண்ணன்ர கையிலதான் இருந்தது."

நான் மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் பிடிச்சால் தாழுது. எனக்குக் கையெல்லாம் விறைச்சுப்போச்சு. நான் விடப்போனனான், அண்ணி. சத்தியமா நான்தான் விடப்போனனான். அண்ணன் என்ர சட்டையில பிடிச்சு இழுத்து, கானை என்ர நெஞ்சுக்குக் கீழ குடுத்திட்டு..."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

அவர் போல்ட்டைத் தன் சாரத்தில் திரும்பவும் துடைத்தார். சொல்லமாட்டார் என்று நினைத்தேன்.

"சொன்னவர். 'உன்ர பிள்ளை இன்னும் தவளக்கூட இல்லையடா, பிடி. உன்ர அண்ணி தன்ரபாட்டில ஓடித்திரிவாள்' எண்டு சொன்னவர்."

இதைச் சொல்லிவிட்டு அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதார். அவருடைய தலையைத் தடவிவிட்டிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. எழும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

ஊருக்கு இந்தக் கதை தெரிய வந்தபோது எல்லோரும் அவரை வணங்குகிற மாதிரிப் பேசினார்கள். பங்குச் சுவாமி பிரசங்கத்திலும் பெயர் சொல்லாமல் சொன்னார். எனக்குப் பெருமை வரவில்லை. எனக்கு வந்த நினைப்பு ஒன்றே ஒன்றுதான்: அந்த மூடியை அவர் வார்க்காமல் விட்டிருந்தால்? நான் அவர் வருகிறவரை வாசலில் காத்திருக்கிற பெண்ணாகவே இருந்திருந்தால்? காலுறையில் இரத்தத்தோடு மணலில் இழுபட்டு நடக்கிறவளாக இருந்திருந்தால், அந்தக் கானை அவர் விட்டிருப்பாரா? இவள் சமாளிப்பாள் என்று நினைக்கும்படி என்னை ஆக்கியவரும் அவர்தான். அதை நம்பிப் போனவரும் அவர்தான். நடுக்கடலில் என்னைப் பற்றி அவருக்குப் பயம் இருக்கவில்லை. அந்தப் பயம் இருந்திருக்கக் கூடாதா என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு நெடுநாள் நான் மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. பெரிய ரோட்டுக்கு நடந்து போய்ப் பஸ் எடுத்தேன். மாமி கெஞ்சினா, கேட்கவில்லை. யாருக்கு எதைக் காட்ட நடந்தேனோ தெரியாது. புண் வந்து பழுத்தது. காலைக் கழற்றிவைத்து ஒரு மாதம் வீட்டில் இருக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். வேலை போய்விடும் என்ற நிலை வந்தது. மாமி ஒருநாள் என் பக்கத்தில் வந்திருந்து, சத்தம் போடாமல் கேட்டா: "அவன் செய்ததை நீ வீணாக்கப்போறியோ பிள்ளை?"

அந்தக் கேள்வியும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. ஆனால் புண் ஆறியதும் ஏறி ஓடினேன். தைத்தால்தான் எனக்கும் மாமிக்கும் சோறு. மூடியைத் தம்பிக்காரர் ஏற்கெனவே பூட்டி வைத்திருந்தார்.

குழந்தையின் ஞானஸ்நானத்தை எங்கள் துக்கத்துக்காகத் தள்ளிவைத்திருந்தார்கள். நாள் குறித்தபோது, தலைதொட்டம்மாவாக என்னை நிற்கச் சொல்லிக் கேட்டுத் தம்பியும் மனைவியும் வந்தார்கள். குழந்தையைத் தாங்கி நின்று, அவளுக்காக வாக்குக் கொடுக்கிறவள்தான் தலைதொட்டம்மா.

"வேற ஆரையும் கேளுங்கோ" என்றேன்.

"வேற ஆரைக் கேக்கிறது, அண்ணி?" என்று மட்டும் சொன்னார் தம்பி.

கோயிலில் அவளை என் கையில் தந்தார்கள். வெள்ளைச் சட்டை நான்தான் தைத்திருந்தேன். தண்ணீர் ஊற்றியதும் வீரிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நல்ல பாரம். சுவாமி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஓமென்று சொன்னேன். மனதில் எதுவும் அசையவில்லை. இந்தப் பாரத்துக்காகத்தானா என்று மட்டும் நினைத்தேன். நினைத்ததை அவள் கேட்டிருப்பாளோ என்று பயந்து அவளுடைய காதைக் கையால் மூடினேன்.

இப்போது அவள் நடக்கிறாள். நான் வேலையால் வருகிற நேரம் மணலில் தடுக்கி விழுந்து எழும்பி, "பெரியம்மா, பெரியம்மா" என்று வேலியைச் சுற்றி ஓடிவருவாள். கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். அவளைத் தூக்கக் குனியும்போது ஒவ்வொரு தடவையும் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. யாருக்கும் அது தெரியாது, அவளுக்கும் தெரியாது. பிறகு தூக்குகிறேன்.